கல்லுக்குச் சோறு

2020 ஆகஸ்டில் 120 வெள்ளி கொடுத்து ஒரு பவளம் வாங்கினேன். அது செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவே ஏழு மாதம் பிடித்தது. மீன் செத்தால் மிதக்கும். பவளம் சாகும்போது ஒரு சத்தமும் கிடையாது. தினமும் கொஞ்சம் குறைவாக விரியும், அவ்வளவுதான். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்த படத்தைச் செல்போனில் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வயிற்றில் புளி கரைக்கும்.

அந்தக் கதைக்கு முன்னால் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட வேண்டும். பவளத்தைக் கொல்வது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். தாத்தாவுக்குச் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. அப்பா சங்கு குளித்தார். சங்கு கிடைக்காத நாளில் கல்லெடுக்கப் போனார். கல் என்றால் பவளப்பாறைதான். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் புழங்கியதில்லை. வள்ளத்தில் போய், பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டில் இறங்கி, கடப்பாரையால் பெயர்த்து, ஏற்றி வந்து கரையில் குவிப்பார்கள். வெயிலில் காய்ந்ததும் காளவாயில் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. நல்ல பெரிய கல்லாக இருந்தால் மதில் கட்ட எடுத்து வைப்பார்கள். எங்கள் வீட்டு மதிலே அந்தக் கல்தான். ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் இருக்கும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பூக்கோலம் விழும். பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டிப் பெருமை பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழி ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் குடியிருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தேன். ஈசூனில் நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. 2020-இல் ஊரடங்கி எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த சமயம், நாட்டை விட்டுப் போகிற ஒருவர் தன் மூன்றடித் தொட்டியை மலிவாகத் தள்ளிவிட்டார். குளிர்விக்கும் சில்லர், நீல விளக்கு, அலை அடிக்கிற மோட்டார் எல்லாம் சேர்த்து. 180 லிட்டர் கடல்நீர் கூடத்து மூலையில் வந்து உட்கார்ந்தது.

அடியில் போடக் கல் வேண்டும். ஊர் மதில் பாதி இடிந்து கிடக்கிறதே என்று சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, வருகிறவர்கள் யாரிடமாவது நாலு கல் கொடுத்தனுப்பச் சொன்னேன். "அண்ணே, புலித்தோலக் குடுத்து அனுப்பச் சொன்னாலும் ஒண்ணுதான், இதக் குடுத்து அனுப்பச் சொன்னாலும் ஒண்ணுதான்" என்றான். நகைச்சுவைக்காகச் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே அட்டவணையில், 2001-இல் பாறை கட்டும் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். உலக அளவிலும் கடினப் பவளம் எல்லாமே சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. நான் கடையில் செயற்கைக் கல் வாங்கினேன்.

சிராங்கூன் நார்த் பக்கம் மீன் கடைகள் அடுத்தடுத்து உண்டு. முதல் கடையில் சீனப் பெரியவர் ஒருவர். எது வேண்டும் என்று கேட்கவில்லை. "தொட்டி வைத்து எத்தனை நாள்?" என்றுதான் கேட்டார். பதினொன்று என்றேன். "ஆறு வாரம் கழித்து வா" என்று சொல்லிவிட்டு வலையைக் கழுவப் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மீன் கழிவு அமோனியா ஆகும். அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுகிற வரை அந்தத் தண்ணீர் விஷம். தோசை மாவு புளிக்க ஒரு ராத்திரி போதும், தொட்டி புளிக்க ஆறு வாரம். நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு, நேரே அடுத்த கடைக்குப் போனேன்.

அந்தக் கடை முழுக்க நீல வெளிச்சம். அதில் எந்தப் பவளமும் தணல் மாதிரி எரியும். அதன் சதையில் உள்ள சில புரதங்கள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பி வீசும். துணிக்கடை விளக்கில் சேலை எடுக்கிற பெண்கள் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவார்கள். என் மனைவி அப்படிப்பட்டவள். அன்றைக்கு அவளைக் கூட்டிப்போகவில்லை. நான் எடுத்தது கோனியோபோரா. பூந்தொட்டிப் பவளம் என்பார்கள். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் 24 இதழ், நூற்றுக்கணக்கான தண்டு, அலைக்கு அலை ஒருசேரச் சாயும். இளஞ்சிவப்பு. வீட்டுக்கு வந்து வெள்ளை விளக்கைப் போட்டதும் பாதி சிவப்பு பழுப்பாகிவிட்டது. ஆனாலும் அழகுதான்.

அன்றிரவே அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏல, இது பூப்பூவா வரும், கை பட்டா உள்ள போயிரும். அந்தக் கல்லுல்லா?"

"ஆமாப்பா. இது கல்லு இல்ல, உயிரு. ராத்திரி சாப்பாடு போடணும்."

"கல்லுக்குச் சோறு போடுதேங்கான்" என்று அம்மாவிடம் திரும்பிச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் எங்கள் மகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, "கல்லு சாப்ட்டுச்சா?" என்றும் கேட்பார்.

அது சரியாகச் சாப்பிடவில்லை என்பதுதான் விஷயம். பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைத்து, சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். சில பவளங்கள் தம் தேவையில் பத்தில் ஒன்பது பங்கை இப்படியே பெற்றுக்கொள்கின்றன. கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நின்றாலே இந்த ஒப்பந்தம் முறிந்து, பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். 1998-லும் 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுதான். சிங்கப்பூர் வெக்கையில் மின்கட்டணத்துக்கு அஞ்சாமல் நான் சில்லரை 26 டிகிரியில் ஓடவிடுவதும் அதற்காகத்தான். கோனியோபோராவுக்கு இந்த வாடகை வரும்படி மட்டும் போதாது. தண்ணீரில் மிதந்து வருகிற மிக நுண்ணிய இரையையும் அது பிடித்துத் தின்ன வேண்டும். புதுத் தொட்டியில் அந்த இரை இருக்காது. நான் போட்ட உறைந்த இறாலோ அதன் வாய்க்குப் பெரிது. கோனியோபோரா புதியவர்களிடம் ஒரு வருடம் தாண்டாது என்று பழைய புத்தகங்கள் எல்லாம் எச்சரித்திருந்தன. நானும் படித்தேன், வாங்கிய பிறகு.

2021 மார்ச்சில் வெறும் வெள்ளை எலும்புதான் மிஞ்சியது. வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்தபோது கையில் இருந்தது எங்கள் ஊர் மதில் கல். அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கி முதல் வரி எழுதினேன்: 1. கோனியோபோரா. அவசரம்.

அடுத்தது சுத்தத்தால் வந்த சாவு. ஒன்று பட்டினியால் போய்விட்டதென்றால் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? நான் எதிர்த்திசையில் ஓடினேன். அழுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். குழாய்த் தண்ணீரை வடிகட்டாமல் ஊற்றக் கூடாது என்பது சரி. இங்கே அதில் குளோராமின் கலக்கிறார்கள், பழைய குழாயாக இருந்தால் செம்பு வேறு வரும், அது முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்து போட்டேன், மீனுக்குத் தீனியைக் குறைத்தேன், மணலைக் கிளறிக் கிளறிக் கழுவினேன். பரிசோதனைக் குழாயில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். பரீட்சையில் சென்டம் எடுத்த மாதிரி அந்தக் குழாய்களைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் மணல் மேல் பழுப்பாக, சளி மாதிரி, நுனியில் காற்றுக்குமிழ் கோத்துக்கொண்டு ஒன்று படர்ந்தது. டைனோஃபிளாஜெல்லேட். டைனோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மற்றப் பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் சுருண்ட இடத்தில் இது கொடி நாட்டும். உறிஞ்சி எடுத்தால் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும். ஐந்து பவளங்களை அது மூடியது. கடைசியில் முதல் கடைப் பெரியவரிடமே போய் நின்றேன். தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "மீனுக்கு நிறையப் போடு." பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தை வெளியே எடுத்தேன், தீனியை இரண்டு பங்காக்கினேன். நைட்ரேட் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில், பாஸ்பேட் 0.05 பக்கம் வந்து நின்றதும் சளி தானாக விலகியது. நோட்டில் 2 முதல் 6 வரை ஒரே அடைப்புக்குறி: சுத்தம்.

ஏழாவது, வரப்புத் தகராறு. பச்சைப் பச்சையாக நட்சத்திரம் மின்னுகிற கேலக்சியா ஒன்றை, கொழுத்த லோபோஃபில்லியாவுக்கு நாலு விரற்கடை தள்ளி வைத்தேன். பகலில் இரண்டும் பரம சாது. ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் சிவப்புத் தாளைச் சுற்றிய டார்ச் லைட்டை அடித்துப் பார்த்தேன். கேலக்சியாவிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி விழுதுகள் ஒரு சாண் நீளத்துக்கு இறங்கி, பக்கத்துக்காரனைத் தடவிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தடவலும் ஒரு கொட்டு. கடலடியில் வெளிச்சம் விழுகிற இடம்தான் சொத்து. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரனை உயிரோடு கரைத்துவிடுவார்கள். காலையில் லோபோஃபில்லியாவின் ஒரு பக்கம் எலும்பு தெரிந்தது. இப்போது எந்தப் பவளம் வாங்கினாலும், பகலில் அது எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பதில்லை. ராத்திரி எவ்வளவு தூரம் கை நீட்டும் என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

இடையில் என் கதையும் முடியப் பார்த்தது. பட்டன் மாதிரி கூட்டமாக வளரும் ஜொவாந்தஸ் வகை, வளர்க்க எளிது, வண்ணம் கொள்ளை, ஆகவே எல்லாரும் முதலில் வாங்குவது அதைத்தான். அதில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் உள்ள கடும் நஞ்சுகளில் அதுவும் ஒன்று. தெரியாமல், கல்லில் ஒட்டியிருந்ததை வெறுங்கையால் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். வாயில் இரும்புச் சுவை, உதடு மரத்துப்போனது. இரண்டு மணி நேரத்தில் தெளிந்தது என் நல்ல காலம். அந்தக் கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்து, குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். கொதிக்கவே வைக்காதீர்கள்.

இனி சுண்ணாம்புக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான்.

பவளம் வளர்கிறதென்றால் எலும்பு கட்டுகிறது என்று பொருள். தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக் கட்டும். 180 லிட்டரில் கையிருப்பு எவ்வளவு நாள் தாங்கும்? கால்சியம் 420, மெக்னீசியம் 1300, கேஎச் என்கிற காரத்தன்மை 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் மெதுவாகத்தான் இறங்கும். கேஎச்தான் தினமும் குறையும். அது 7-ஆக இருந்தாலும் பவளம் வாழும், 9-ஆக இருந்தாலும் வாழும். திங்கள் 7, வியாழன் 9, ஞாயிறு 7 என்று ஆடினால் செத்துப்போகும். நல்ல தண்ணீர் என்பதைவிட, நேற்றைய தண்ணீர் மாதிரியே இன்றைய தண்ணீர் என்பதுதான் அதற்கு வேண்டும். எனக்கோ வாரக் கடைசியில்தான் நேரம், வாரக் கடைசியில்தான் குற்றவுணர்ச்சி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏழு நாள் அக்கறையையும் கொட்டுவேன்.

தினமும் சிறுகச் சிறுக ஈடு செய்ய மலிவான வழி ஒன்று உண்டு என்றார் பெரியவர். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் ஐரோப்பாவில் பரப்பிய முறை. ஆவியாகிப் போகிற நீருக்கு ஈடாக, ராத்திரியில் சொட்டுச் சொட்டாக ஒரு கரைசலை விட வேண்டும். ஜெர்மன் மொழியில் கால்க்வாஸர் என்று பெயர் சொல்லி ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்தேன். வெள்ளைப் பொடி. லிட்டருக்கு ஒன்றரை கிராம் போட்டுக் கலக்கினேன். கூடம் முழுக்கப் பொங்கலுக்கு முந்தின வாரத்து வாசம், வெள்ளையடித்த ஈரச் சுவரின் வாசம். கால்க்வாஸர் என்றால் சுண்ணாம்புத் தண்ணீர், வேறொன்றுமில்லை. தாத்தா பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார். நான் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து, பவளம் கட்டிக்கொள்ளட்டும் என்று வாயில் ஊற்றுகிறேன். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அத வெத்தலையில வேற தடவிராதீங்க" என்றாள்.

அது பிஎச் 12-ஐத் தாண்டும் காரம். கண்ணில் தெறித்தால் பார்வை போகும்; தொட்டியில் அளவு மீறினாலும் அதே கொடுமைதான். மிதவை ஒன்றை வைத்து, நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் ஓடவும் ஏறினால் நிற்கவும் ஏற்பாடு செய்தேன். எட்டு மாதம் அருமையாக ஓடியது. கேஎச் 8-லேயே நின்றது. அக்ரோபோரா என்கிற மான்கொம்புப் பவளம் இரண்டும் நுனி நுனியாக வெளுத்து வளர ஆரம்பித்தன. வளர்கிற நுனி வெள்ளையாகத்தான் இருக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷம் சொல்லி மாளாது.

2022 நவம்பரில் ஒரு ராத்திரி, கண்ணாடியில் பாசி மேய விட்டிருந்த நத்தை ஒன்று மிதவை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மிதவை கீழேயே அழுந்திக் கிடந்தது. தண்ணீர் குறைகிறது என்று நினைத்து மோட்டார் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் கூடத்துக்கு வந்தால் தொட்டி அரிசி கழுவின தண்ணீராக இருந்தது. எட்டு லிட்டர் சுண்ணாம்புத் தண்ணீர். பிஎச் 9-க்கு மேல். வீட்டில் இருந்த உப்பையெல்லாம் கரைத்துத் தண்ணீர் மாற்றி, அலுவலகத்துக்குப் பொய் சொல்லி விடுப்பு எடுத்து, தரையெல்லாம் உப்பாக உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குள் அக்ரோபோராவின் தோல் துணி கிழிகிற மாதிரி உரிந்து மிதந்தது. 8 முதல் 12 வரை. காரணம் நத்தை என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, மிதவைக்கு மேல் மூடி போடாதவன் என்று எழுதினேன். பத்து வெள்ளிக்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் கூண்டு அது. இரண்டாவது பாதுகாப்பாக, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் மோட்டார் ஓடாதபடி டைமரும் போட்டிருக்கலாம். நத்தை பிழைத்துக்கொண்டது.

பதின்மூன்றாவது ஏன் செத்தது என்று இன்றுவரை தெரியாது.

2023 ஜூனில் அப்பா வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். தொட்டியைப் பார்த்ததும் பேச்சு எங்கள் ஊர்க் கடலுக்குப் போனது. எனக்கு இதில் ஒரு பிரசங்கமே உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் சுண்ணாம்புக்காகப் பாரைப் பெயர்த்துக்கொண்டே இருந்தார்கள். பார் போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டித் தீவும் விலங்குசல்லித் தீவும் இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில். "நம்ம ஆட்களே நம்ம கடலை அழிச்சிட்டாங்க" என்று வழக்கம்போல் முடித்தேன். இங்கேயே பிறந்த நண்பர் ஒருவர், சிங்கப்பூரிலும் மண் கொட்டி நிலம் எடுத்ததில் 60 விழுக்காடு பவளத் திட்டுகள் போய்விட்டன என்றார். நான் அதையும் கண்டித்தேன்.

அப்பா எழுந்து தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"இதுல எத்தன செத்துச்சு?"

நோட்டு இருக்கும்போது பொய் சொல்ல முடியாது. "பதிமூணு."

"என்ன வெல இருக்கும்?"

"எல்லாம் சேத்து ஒரு ஆயிரத்து நூறு வெள்ளி."

மனசுக்குள் பெருக்கினார். "அறுவதாயிரத்துக்கு மேல வருதுல்லா. பதிமூணு கல்லுக்கா?" சிரித்துவிட்டார். "நாங்க வள்ளம் முங்க முங்க ஏத்துனாலும் இம்புட்டக் கண்டதில்லல." நண்பர்களும் சிரித்தார்கள். நான் சோறு பரிமாற எழுந்து போனேன்.

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே விலையைத்தான் வியந்தார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா பெயர்த்ததைக் கணக்கெடுக்க எனக்கு நோட்டு எதுவும் தேவைப்பட்டதில்லை; மேடை கிடைத்த இடமெல்லாம் பேசியிருக்கிறேன். என் பதின்மூன்றும் இந்தோனேசியாவிலோ வேறெங்கோ ஏதோ ஒரு பாரிலிருந்து யாரோ ஒருவருடைய அப்பா முக்குளித்துப் பெயர்த்துக் கொடுத்தவையாகத்தான் இருக்கும். 2018-இல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தி வைத்ததும், பிறகு பண்ணையில் வளர்த்தவற்றை அனுப்ப ஆரம்பித்ததும் எனக்கு விலை ஏற்ற இறக்கமாக மட்டுமே தெரிந்திருந்தது.

ராத்திரி விளக்கெல்லாம் அணைந்த பிறகும் அப்பா தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நத்தை கதையைச் சொன்னேன். தொட்டி வெள்ளையானதைச் சொன்னபோது, "பார்ல கல்லுப் பேத்தா தண்ணி இப்படித்தான் வெளுக்கும். கண்ணே தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து விரலை நீட்டினார். "இந்தத் தட்டுக்கல்ல ஏன் மேல தூக்கி வச்சிருக்க? இது மணலுல கெடக்கும். கொம்புக்கல்லுதான் மேல, அல வந்து மோதுற எடம். இந்தா இந்தப் பூக்கல்லு, அது ஒதுக்கமா, தண்ணி மெதுவா போற பக்கம் கெடக்கும்."

நான் மூன்று வருடமாகப் படித்த வெளிச்ச அளவும் நீரோட்ட அளவும் அவர் கைக்குள் இருந்தது. முப்பது வருடம் பெயர்த்தவருக்கு எது எங்கே முளைக்கும் என்று தெரியாமல் இருக்குமா? மறுநாள் அவர் சொல்லச் சொல்ல நான் முழங்கை வரை நனைந்து ஒவ்வொன்றாக மாற்றி வைத்தேன். "இன்னும் கொஞ்சம் எறக்கு. அங்கன வையி." தட்டுப் பவளம் மணலில் உட்கார்ந்த பத்தாவது நாள் அதுவரை நான் பார்க்காத அளவுக்கு உப்பி விரிந்தது.

அதற்குப் பிறகு நான் கடலிலிருந்து எடுத்த பவளம் எதையும் வாங்கியதில்லை. மற்றவர்கள் தொட்டியில் வளர்த்து, எலும்பு வெட்டியால் நறுக்கி, பசை வைத்துச் சின்ன வில்லையில் ஒட்டிய துண்டுகள் கிடைக்கின்றன. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வீட்டுத் தொட்டிக்கு ஏற்கெனவே பழகியவை, விலையும் குறைவு. வாங்கும்போது வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். சதை எலும்பின் விளிம்பு வரை ஏறியிருக்கிறதா, எங்காவது வெள்ளை எலும்பு தெரிகிறதா, பழுப்பு ஜெல்லி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு வந்து எத்தனை வாரம் என்று கேளுங்கள். நேற்று வந்ததென்றால் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கொண்டுவந்ததும் அதற்கான மருந்துநீரில் முக்கி எடுங்கள், தட்டைப்புழுவும் கூடவே வரும். முதல் வருடம் தோல் பவளம், காளான் பவளம் போதும். டார்ச், ஹேமர் பவள வகைகள் பிறகு. அக்ரோபோராவை உங்கள் நோட்டில் கேஎச் ஆறு மாதம் ஒரே எண்ணாக நின்ற பிறகு நினைத்துக்கொள்ளலாம். ஒற்றைத் தலையோடு வந்த என் டார்ச்சுக்கு இப்போது ஒன்பது தலை. நாலைந்து துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். யாருக்குக் கொடுத்தாலும் தொட்டி வைத்து எத்தனை நாள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அங்கே எந்தக் கடையிலாவது கடினப் பவளம் வைத்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், வாங்காதீர்கள். அது முதல் அட்டவணை உயிர். மீனும் நத்தையும் வைத்து அழகான கடல்நீர்த் தொட்டி அமைக்கலாம்.

நோட்டில் போன பிப்ரவரியில் பதினான்காவது வரி எழுதினேன். கொம்புக்கல், அப்பா கைகாட்டிய அதே இடத்தில் வைத்தது. அவர் இன்னும் ஒவ்வொரு ஞாயிறும் கல்லு சாப்ட்டுச்சா என்று கேட்கிறார். சாப்பிட்டது என்றே சொல்லி வருகிறேன்.